ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம்

கோத்தகிரி டிப்போ, காலை நாலே முக்கால்.
ஸ்டியரிங்கைத் தொடும் முன் விரலைத் தொடுகிறது ஊசி.
மோதிர விரலின் ஓரத்தில் குத்த வேண்டும்;
நடுவில் குத்தினால்
ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வலிக்கும்.
குளிருக்கு ரத்தம் வர மறுக்கிறது.
பிரேக்குக்குக் காற்று ஏறும் வரை
இன்ஜின் மூடியின் சூட்டில் கையை வைத்திருக்கிறேன்.
ஒரு சொட்டு.
நூற்றுப் பதினெட்டு.
ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன்.
முன்பக்கம் டீசலுக்கு.

மாசி முழுக்க அந்தப் பின்பக்கத்தில் ஒரு வழக்கு நடந்தது.
நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி,
சைனுதீன் கை மறந்து சர்க்கரை போட்ட டீ:
இரண்டு மணி நேரம் கழித்து, மேட்டுப்பாளையத்தில்,
இருநூற்று நாற்பத்தொன்று.
இட்லிதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதி
ராகிக் கஞ்சிக்கு மாறினேன்,
ஏதோ புண்ணியம் செய்தவனைப் போல.
இருநூற்று அறுபது.

“கஞ்சி வழுக்கிட்டு இறங்குதுங்க டிரைவர்,
பிரேக்கே இல்லாம,” என்றார்
பெரியாஸ்பத்திரி நர்ஸ் எப்சிபா.
என் தொழில் வார்த்தையை என்னிடமே சொல்கிறார்.
இட்லியை விடச் சொல்லவில்லை. ரெண்டு போதும்.
முதலில் முட்டை, இல்லாவிட்டால் சுண்டல்,
பிறகு ஒரு கை பீன்ஸ் பொரியல்,
இட்லி கடைசியில் ஏறட்டும்.

மாதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை:
“இருபத்தியொரு வருசமா தட்டு ஓரத்துல ஒதுக்கினத
இப்ப மொதல்ல திங்கற.”

நூற்று அறுபத்தாறு.
அந்த எண்ணுக்கு அடியில் கோடு போட்டேன்,
பையன் மார்க்குக்குக்கூடப் போடாத கோடு.

பிறகு ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
நேரமாகிவிட்டது. மாத்திரை உள்ளே போயிற்று,
டப்பா டிப்போ மேஜையில் நின்றுவிட்டது,
முட்டையும் அதன் வரிசையுமாக.
அரவேணுவில் பிடரி வியர்த்தது.
வெளியே பனி, கண்ணாடி முழுக்கப் பனி,
எனக்கு மட்டும் சட்டை நனைகிறது.
முள்ளூர் தாண்டியதும் உதடு மரத்தது.

குஞ்சப்பனைக்கு மேலே, வளைவில், நடுரோட்டில்
யானையும் குட்டியும்.
பலாப்பழத்தைக் காலால் பிளந்து
சுளை சுளையாக, அவசரமே இல்லாமல்,
எந்தத் தாளிலும் எதையும் எழுதாமல்
தின்றுகொண்டிருந்தன.

நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுக்க
இரண்டு கை வேண்டியிருந்தது.
ஐம்பத்தேழு என்றது மெஷின்.
நான் எழுதிய ஐந்து ஐந்து மாதிரியே இல்லை.

கண்டக்டர் ஜெபமாலை ஒன்றும் கேட்கவில்லை.
சில்லறைக்குப் பதில் கடைக்காரர்கள்
அவள் தலையில் கட்டிய ஆரஞ்சு மிட்டாய்களைத்
தோல்பையைக் கவிழ்த்து என் மடியில் கொட்டினாள்.
கடித்தேன். ஆறோ ஏழோ.
ருசி தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது.

யானை போய்விட்டது. வண்டி போகவில்லை.
“டிரைவருக்கு யானைன்னா பயம்டா,”
பின்சீட்டில் ஒரு குரல். பஸ் முழுக்கச் சிரிப்பு.
கேரட் மூட்டைக்காரர் எழுந்து வந்து பார்த்தார்:
“ரோடு காலிதானேங்க?”
டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டே
ஜெபமாலை நிமிராமல் சொன்னாள்:
“இன்னொண்ணு வருது. ஒத்தக் கொம்பன்.”

வரவில்லை. வருவதாகவும் இல்லை.
வராத ஒற்றைக் கொம்பனுக்கு மரியாதை செய்து
ஐம்பத்து மூன்று பேர் கால் மணி நேரம்
மூச்சடக்கி உட்கார்ந்திருந்தோம்.
தொண்ணூற்று நான்கு.
பிறகும் கிளம்பவில்லை;
அவள் மதியச் சாப்பாட்டில் பாதியைத்
தின்று முடித்து, விரலை நீட்டிப் பார்த்து,
ஆடவில்லை என்றான பின்தான் கியர்.

மேட்டுப்பாளையத்தில் ட்ரிப் ஷீட்டை நிரப்பினேன்.
தாமதம்: முப்பத்தைந்து நிமிடம்.
காரணம்: யானை.
திருப்பினால்
கோணல் ஐந்தோடு ஓர் ஐம்பத்தேழு.

அந்தத் தாளை டிப்போ வாங்கிக்கொண்டது.
இப்போது டப்பாவின் கைப்பிடியில்தான்
மாட்டியிருக்கிறேன்
வண்டிச் சாவியை.